வெயிலும் வெள்ளமும்: சொந்தக் கூரையிலிருந்து தொடங்குவோம்

(சங்கப் பொன்விழாக் கருத்தரங்கில் இளம் வணிகர் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



குறைந்த கரிம எரிசக்தியும் பருவநிலை மாற்றத்தைத் தாங்கி வாழ்வதும் என்ற தலைப்பை விழாக் குழுவினர் எங்களிடம் கொடுத்தார்கள். அதைக் கேள்விப்பட்ட பெரியவர் ஒருவர், “தம்பி, இது யுனிவர்சிட்டி ஆட்கள் பேசுகிற விசயமாச்சே, அரிசி பருப்பு விற்கிற உங்களுக்கு எதற்கு?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நியாயமான கேள்விதான். நாங்கள் மளிகை, உறைய வைத்த இறைச்சி, துணி, மின்சாமான் விற்பவர்கள். எங்களில் சிலர் பாலிடெக்னிக்கில் மின் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு வாப்பாவின் கடைக்கு வந்தவர்கள். மாதாமாதம் தெனாகாவுக்குப் பில் கட்டுகிறோம். 2021-ஆம் ஆண்டு வெள்ளத்தில் சரக்கை இழந்தோம். இந்தத் தலைப்பில் பேச எங்களுக்குள்ள தகுதி இவ்வளவுதான். ஆகவே ஆராய்ச்சியாளர் போலப் பேசாமல், கடைக் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்தது போலப் பேசப் போகிறோம்.

வெள்ளமும் நம் ஊரும்

கோலாலம்பூர் ஆற்றங்கரையில் பிறந்த ஊர். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுகிற இடத்தில் 1909-ல் மஸ்ஜித் ஜாமேக் திறக்கப்பட்டது. அதற்கும் வெகுகாலம் முன்பே, 1863-ல், நம் முன்னோர்கள் அந்த ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் மஸ்ஜித் இந்தியாவை மரத்தால் கட்டியெழுப்பினார்கள். வணிகம் ஆற்று வழியே வந்த காலம் அது. ஆற்றோடு வெள்ளமும் வந்தது.

1881-ஆம் ஆண்டு இந்த ஊருக்குக் கெட்ட ஆண்டு. ஆண்டின் தொடக்கத்தில் தீ. மரமும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த கடைகள் வரிசையாக எரிந்தன. அதே ஆண்டின் இறுதியில் வெள்ளம். அதன் பிறகு ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், கடைகளைச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட வேண்டும் என்றார். காப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் சூளை வைத்தார். அந்தச் சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். நாம் நாள்தோறும் நடந்துபோகிற பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே, பட்ட அடிக்குப் பிறகு ஒரு நகரம் தன் கட்டடங்களை மாற்றிக்கொண்டதற்குச் சாட்சி.

1926-ல் மறுபடி பெருவெள்ளம். 1971 ஜனவரியில் கோலாலம்பூரே மூழ்கியது. இந்தச் சபையில் உள்ள மூத்தோர் சிலர் அப்போது சிறுவர்கள். மேசைமேல் ஏறி உட்கார்ந்திருந்த கதையை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். அதன் பிறகுதான் வெள்ளத் தடுப்புப் பணிகள் வேகம் பிடித்தன. அந்த வரிசையில் 2007-ல் திறக்கப்பட்டது ஸ்மார்ட் சுரங்கம். 9.7 கிலோமீட்டர் நீளம். மழை இல்லாத நாளில் அதன் ஒரு பகுதியில் கார்கள் ஓடும், பெருமழை வந்தால் சாலையை மூடிவிட்டு வெள்ளத்தை உள்ளே விடுவார்கள். உலகம் திரும்பிப் பார்த்த பொறியியல் வேலை அது. நகரின் நடுப்பகுதியைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் 2021 டிசம்பர் 18-ஆம் தேதி மழை நகரின் நடுவில் மட்டும் பெய்யவில்லை. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது என்றார்கள் அதிகாரிகள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா, கிள்ளான், உலு லங்காட் எல்லாம் நீரில் நின்றன. நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இழப்பு 610 கோடி வெள்ளி என்று புள்ளியியல் துறை கணக்கிட்டது. அதில் ஏறத்தாழ பாதி சிலாங்கூருடையது.

காரணம் சிக்கலானதல்ல. காற்று சூடாக ஆக அதிக நீராவியைத் தாங்கும். ஒரு பாகை வெப்பம் கூடினால் சுமார் ஏழு விழுக்காடு கூடுதல் நீராவி. அது கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். 2024-ஆம் ஆண்டுதான் அளவெடுக்கத் தொடங்கியதிலிருந்து உலகின் மிக வெப்பமான ஆண்டு. தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட ஒன்றரைப் பாகைக்கு மேல் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. இன்னொன்று, கிள்ளான் ஆறு கடலில் சேருகிற இடத்தில் கடல் ஏற்றமாக இருந்தால் ஆற்று நீர் வடியாது. மழையும் கடல் ஏற்றமும் ஒரே இரவில் சேர்ந்துகொண்டால் தாழ்ந்த நிலம் என்ன செய்யும்?

அன்று கடைகளில் என்ன நடந்தது என்பது பலருக்குத் தெரியும். நீர் முழங்காலுக்கு வந்தபோது அரிசி மூட்டையின் கீழ் அடுக்கு போனது. இடுப்புக்கு வந்தபோது பிரீசர்கள் மிதந்து கவிழ்ந்தன. மின்சாரம் நின்ற பிறகு, நீர் தொடாத சரக்கும் இரண்டு நாளில் கெட்டது. நமக்குத் தெரிந்த சில குடும்பங்கள் அதற்குப் பின் கடையைத் திறக்கவே இல்லை. முப்பது வருட வாடிக்கையாளர், முப்பது வருட நம்பிக்கை, எல்லாம் அந்த வார இறுதியோடு முடிந்தன. ஆகவே இது எங்கோ பனிக்கரடி வாழும் நாட்டின் பிரச்சினை என்று நாம் இருந்துவிட முடியாது.

கடைக்காரர் தன் கையால் செய்யக்கூடியது

ஆற்றை அகலப்படுத்துவதும் பம்பு வைப்பதும் அரசாங்கத்தின் வேலை. அதைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்குக் காத்திருக்காமல் கடைக்காரரே செய்துகொள்ளக்கூடியவை சில இருக்கின்றன. பெரிய செலவும் இல்லை.

முதலாவது, மின்சாரப் பெட்டியும் பிளக்குகளும். பல பழைய கடைவீடுகளில் பிளக்குகள் முழங்கால் உயரத்தில் இருக்கின்றன. வயரிங்கை மாற்றும்போது அவற்றைத் தோள் உயரத்துக்கு ஏற்றிவிடலாம். மாடி இருந்தால் மெயின் பெட்டியை மாடிப்படியின் மேல் பக்கத்துக்குக் கொண்டுபோகலாம்.

இரண்டாவது, வெள்ளம் வடிந்த பிறகு உரிமம் உள்ள வயர்மேன் வந்து பார்க்கும் வரை சுவிட்சைத் தொடக் கூடாது. வெளியே காய்ந்தது போல் தெரியும், உள்ளே சேறு இருக்கும். மெக்கர் கருவியால் வயரின் காப்பைச் சோதித்த பிறகே மின்சாரத்தைத் திறக்க வேண்டும். சரக்கு போனால் மறுபடி வாங்கலாம், ஆள் போனால் வாங்க முடியாது.

மூன்றாவது, சரக்கு அடுக்கும் முறை. விலை அதிகமான பொருள் மேலே, நனைந்தாலும் கழுவி விற்கக்கூடிய தகரம், பிளாஸ்டிக் கீழே. கணக்குப் புத்தகம், உரிமப் பத்திரம் எல்லாவற்றையும் படம் பிடித்துக் கைப்பேசியில் ஒரு பிரதி.

நான்காவது, காப்புறுதி. தீக் காப்புறுதி எடுத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர். வெள்ளம் அதில் தானாகச் சேராது. கூடுதல் ஆபத்தாகக் கேட்டு, கூடுதல் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். தகாஃபுலிலும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று வீட்டுக்குப் போனதும் பத்திரத்தை எடுத்து, வெள்ளம் என்ற சொல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

உணவகம் நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. பயன்படுத்திய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினால் அது குளிர்ந்து, கெட்டியாகி, வாய்க்காலை அடைக்கும். பிறகு அரை மணி மழைக்கே அஞ்சடியில் நீர் ஏறும். அதே எண்ணெயை டின்னில் சேர்த்து வைத்தால் விலை கொடுத்து வாங்கிப் போகிறார்கள். அதிலிருந்து பயோடீசல் செய்கிறார்கள். ஒரே எண்ணெய் வாய்க்காலுக்கும் கேடாகாது, வண்டிக்கும் எரிபொருளாகும்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது

கிள்ளானில் இருப்பவர்களுக்குக் காப்பார் மின்நிலையத்தின் புகைபோக்கிகளைத் தெரியும். 2,420 மெகாவாட். பெரும்பகுதி நிலக்கரி. தீபகற்ப மலேசியாவின் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலும் எரிவாயுவிலுமிருந்து வருகிறது. அதனால் நாம் எரிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஏறத்தாழ முக்கால் கிலோ கரியமிலவாயு வானத்துக்குப் போகிறது.

ஒரு நடுத்தரக் கடையை எடுத்துக்கொள்வோம். மூன்று நான்கு பிரீசர், ஏர்கண்டிஷன், விளக்குகள். மாதம் 3,000 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்குச் சுமார் 50 சென் என்றால் 1,500 வெள்ளி பில். அதோடு இரண்டே கால் டன் கரியமிலவாயு. பில் நமக்கு வருகிறது. கரியமிலவாயுவின் பில் பிறகு வருகிறது, யார் வீட்டுக்கு என்று எழுதாமல் வருகிறது. 2021-ல் அது ஸ்ரீ மூடாவுக்கு வந்தது.

நம் நாடு 2023-ல் தேசிய எரிசக்தி மாற்றத் திட்டத்தை அறிவித்தது. 2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க வகையாக இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. அது அரசாங்கத்தின் கணக்கு. நம் கடையின் கணக்கு வேறு இடத்தில் தொடங்குகிறது.

முதல் லாபம் மிச்சத்தில்

வியாபாரத்தில் செலவைக் குறைத்த ஒரு வெள்ளி, சம்பாதித்த ஒரு வெள்ளியைவிடக் கெட்டி. எரிசக்தியிலும் அப்படித்தான். பழைய டியூப் லைட் ஒன்று சோக்கோடு சேர்த்து 45 வாட் இழுக்கும். அதே வெளிச்சம் தரும் எல்இடி 18 வாட். இருபது டியூப் உள்ள கடையில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் மாதம் ஏறத்தாழ 190 யூனிட் மிச்சம். சுமார் 95 வெள்ளி. டியூப் ஒன்று 15 வெள்ளி என்றாலும் மொத்தச் செலவு 300 வெள்ளிதான். மூன்று மாதம் சற்றுக் கூட ஆகும், முதல் திரும்பிவிடும். இதைவிட நல்ல முதலீடு யாருக்காவது தெரிந்தால் எங்களுக்கும் சொல்லுங்கள்.

பிரீசர் கதவில் உள்ள ரப்பரைப் பாருங்கள். ஒரு காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுங்கள். காகிதம் தடையில்லாமல் வந்தால் குளிரும் தடையில்லாமல் போகிறது என்று பொருள். பின்பக்கத்துத் தூசியைத் துடைக்காவிட்டால் மோட்டார் ஓய்வே எடுக்காது. ஏர்கண்டிஷனை 18-ல் வைத்துவிட்டு வாடிக்கையாளர் குளிரில் நடுங்கத் தேவையில்லை, 24 போதும்.

நம் பழைய கட்டடங்களிடம் கற்க நிறைய இருக்கிறது. அஞ்சடியை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ நாணய மாற்றுக்காரர்களும் புத்தகக்கடைக்காரர்களும் அந்த ஐந்தடி நிழலில்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். வெயிலும் மழையும் சுவரைத் தொடாமல் காப்பது அது. பழைய கடைவீட்டின் நடுவே இருந்த திறந்த முற்றம் சூட்டை மேலே அனுப்பியது. இடம் போதவில்லை என்று முற்றங்கள் மூடப்பட்டன, பிறகு அந்தச் சூட்டை வெளியேற்ற ஏர்கண்டிஷன் வந்தது. 1965-ல் திறக்கப்பட்ட தேசியப் பள்ளிவாசலைப் பாருங்கள். விரிந்த தாழ்வாரம், துளைகள் உள்ள தடுப்புச் சுவர், சுற்றிலும் நீர்த் தடாகம். காற்று தானாக உள்ளே வரும்படி கட்டியிருக்கிறார்கள்.

ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் நீரை வீணாக்கக் கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை ஆலிம்கள் நமக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். நீருக்குச் சொன்னது மின்சாரத்துக்கும் பொருந்தும் என்று நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகும் பள்ளிவாசலில் ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறிகளை எண்ணிப் பாருங்கள்.

வெயில் யாருடைய கூரையில் விழுகிறது

நம்மில் பலருடைய பாட்டனார் வந்தது இராமநாதபுரம் சீமையிலிருந்து. கச்சான் காற்றுக்கும் வாடைக் காற்றுக்கும் காத்திருந்து பாய்மரக் கப்பலில் வணிகம் செய்த கரை அது. அந்த மரக்காயர்கள் ஒரு சொட்டு எண்ணெய் எரிக்காமல் கடல் கடந்தவர்கள். அதே மாவட்டத்தின் உள்நாடு வெயிலுக்கும் வறட்சிக்கும் பேர்போனது; தண்ணியில்லாக் காடு என்று அரசாங்க ஊழியர்கள் மாற்றலாகிப் போகவே அஞ்சினார்கள். அங்கே கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. ஒரே இடத்தில் அமைந்தவற்றில் அன்று உலகிலேயே மிகப் பெரியது. சுமார் 2,500 ஏக்கர், 25 இலட்சம் பலகைகள், எட்டே மாதத்தில் கட்டி முடித்தார்கள். பலகையில் படியும் புழுதியைத் துடைக்க இயந்திர மனிதர்கள். சீமையை விட்டு நம் முன்னோர்களைக் கப்பலேற்றிய அதே வெயில் இன்று விற்பனைப் பொருளாகியிருக்கிறது.

நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் அவ்வளவு நிலம் இல்லை. கூரை இருக்கிறது. இங்கே மேகம் அதிகம்; ஆனாலும் ஒரு கிலோவாட் பலகை மாதம் ஏறத்தாழ 110 யூனிட் தரும். பத்துக் கிலோவாட் என்றால் 1,100 யூனிட், அதாவது 550 வெள்ளி. கிலோவாட்டுக்கு 4,000 வெள்ளி செலவு என்று வைத்துக்கொண்டால் 40,000 வெள்ளி. ஆறு ஆண்டில் முதல் திரும்பும். பலகை இருபத்தைந்து ஆண்டு உழைக்கும்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. எங்களிடம் வந்த விற்பனையாளர் ஒருவர் பில் பூச்சியமாகிவிடும் என்று அடித்துப் பேசினார். எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் எரிக்கிறீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. அந்தக் கேள்விதான் முக்கியம். 2016-ல் தொடங்கிய நெம் திட்டம் 2025 ஜூனில் முடிந்தது. இப்போது, 2026 ஜனவரி முதல், சோலார் அத்தாப் திட்டம். மலாயில் அத்தாப் என்றால் கூரை, நம் பெரியவர்கள் சொல்லும் அதே அத்தாப்பு. இதில் வணிகக் கட்டடங்கள் தாங்கள் எரித்ததுபோக மிச்சத்தைக் கட்டமைப்புக்கு அனுப்பினால், கிடைக்கும் விலை நாம் வாங்கும் விலையைவிடக் குறைவு. எரிக்காமல் மிஞ்சிய கணக்கு அடுத்த மாதத்துக்கும் சேராது. ஆகவே பகலில் எரிப்பவருக்கு லாபம், இரவில் எரிப்பவருக்கு லாபம் குறைவு. குளிர் அறை வைத்திருக்கும் மொத்த வியாபாரிக்குப் பொருந்தும். விடிய விடியத் தே தாரிக் ஆற்றும் உணவகத்துக்கு அந்த அளவுக்குப் பொருந்தாது. பலகை போடுவதற்கு முன் மூன்று மாதப் பில்லையும், பகல் எவ்வளவு இரவு எவ்வளவு என்ற அளவையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

இதைவிடப் பெரிய தடை இன்னொன்று. நம் வணிகர்களில் பெரும்பாலோர் வாடகைக் கடையில் இருக்கிறார்கள். கூரை வேறொருவருடையது. பில் கட்டுவது நாம். வீட்டுக்காரர் பலகை போட்டால் மிச்சம் நமக்கு, அவர் ஏன் போடுவார்? நாம் போட்டால் ஒப்பந்தம் மூன்று ஆண்டில் முடியும், முதல் திரும்ப ஆறு ஆண்டு, நாம் ஏன் போடுவோம்? உலகம் முழுவதும் வாடகைக் கட்டடங்களில் இதே சிக்கல்தான். இதைத் தனி ஒரு கடைக்காரரால் அவிழ்க்க முடியாது. ஒரே வரிசையில் பத்துக் கடை சேர்ந்து வீட்டுக்காரர்களிடம் பேசினால், நீண்ட ஒப்பந்தமும் வாடகையில் சிறு மாற்றமும் என்று ஒரு வழி பிறக்கலாம். சங்கம் நடுவில் நின்றால் அந்தப் பேச்சுக்கு மரியாதை கிடைக்கும்.

நம்முடைய சொந்தக் கூரை

கூரை யாருடையது என்ற கேள்வி எழாத இடம் ஒன்று நமக்கு உண்டு. 1976-ல் சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்கள், வாடகை அறையில் எத்தனை நாள் கூட்டம் போடுவது என்று நினைத்து, கடை கடையாக ஏறி இறங்கி நன்கொடை திரட்டி இந்தக் கட்டடத்தை வாங்கினார்கள். ஐந்து வெள்ளி கொடுத்தவருக்கும் ரசீது எழுதிய அந்தப் புத்தகங்கள் இன்றும் அலமாரியில் இருக்கின்றன. இந்தக் கூரை நம்முடையது. நம் பள்ளிவாசல்களின் கூரைகளும் சமுதாயத்துக்கு உரியவை.

பள்ளிவாசலுக்கும் சூரிய மின்சாரத்துக்கும் நல்ல பொருத்தம். ஜும்ஆத் தொழுகை வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தில். எல்லா ஏர்கண்டிஷனும் ஓடுகிற அந்த நேரத்தில்தான் பலகையும் முழுவதும் தருகிறது. ரமலானில் தராவீஹ் இரவில் என்பதால் அந்த மாதம் பில் கூடும், அதை மறைக்கத் தேவையில்லை. சைபர்ஜெயாவில் 2015-ல் திறக்கப்பட்ட மஸ்ஜித் ராஜா ஹாஜி பிசாபிலில்லாஹ் கூரையில் சூரியப் பலகையும் மழைநீர்ச் சேமிப்பும் கொண்டது. மொராக்கோ நாடு நூற்றுக்கணக்கான பள்ளிவாசல்களை இப்படி மாற்றும் திட்டத்தை எடுத்துக்கொண்டது. 2015 ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் கூடிய அறிஞர்கள் பருவநிலை குறித்து உலக முஸ்லிம்களுக்கு அறைகூவல் விடுத்தார்கள். நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இப்போது வெயிலையும் வெள்ளத்தையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். 2021 வெள்ளத்தில் மக்கள் எங்கே போனார்கள்? பள்ளிக்கூடங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும். பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில் எல்லா இனத்தவரும் சேர்ந்து ஆயிரக்கணக்கானோருக்குச் சமைத்தார்கள். வழிபாட்டிடங்கள்தான் அன்று நிழல் தந்தன. ஆனால் மின்சாரம் இல்லை. கைப்பேசியில் சார்ஜ் இல்லை. மகன் எந்தக் கூரைமேல் நிற்கிறான் என்று தாய்க்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு தொழில்நுட்ப விவரத்தைச் சொல்லியாக வேண்டும். சாதாரண சூரிய மின் அமைப்பு, தெருவில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியருக்கு நம் கூரையிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே பலகை மட்டும் போட்டால் வெள்ள நாளில் பயனில்லை. பேட்டரியும், தெருவிலிருந்து துண்டித்துக்கொண்டு தனியே இயங்கும் இன்வெர்ட்டரும் வேண்டும். இரண்டையும் மாடியில் வைக்க வேண்டும்.

எவ்வளவு பேட்டரி? பத்து விளக்கு, ஆறு மின்விசிறி, மருந்து வைக்க ஒரு சிறு குளிர்பதனப் பெட்டி, கைப்பேசிகளுக்குச் சார்ஜ். எல்லாம் சேர்ந்து 650 வாட். இரவு பன்னிரண்டு மணி நேரத்துக்கு எட்டு யூனிட்டுக்கும் குறைவு. பத்து யூனிட் தாங்கும் பேட்டரி ஒன்று போதும். விடிந்தால் வெயில் மறுபடி நிரப்பிவிடும்.

எங்கள் முன்மொழிவு

பேசிவிட்டுப் போவதற்காக நாங்கள் வரவில்லை. பொன்விழா ஆண்டில் சங்கம் எடுத்துக்கொள்ளக் கூடிய நான்கு காரியங்களை முன்வைக்கிறோம்.

ஒன்று: இந்தக் கட்டடத்தின் கூரையில் இருபது கிலோவாட் சூரியப் பலகையும் மாடியில் ஒரு பேட்டரியும். 550 வாட் பலகை என்றால் 36 பலகைகள். முன் சொன்ன விலைப்படி 80,000 வெள்ளி, அதாவது பலகை ஒன்றுக்கு ஏறத்தாழ 2,200 வெள்ளி. குடும்பத்துக்கு ஒரு பலகை என்று 36 குடும்பங்கள், அல்லது நான்கு பேர் சேர்ந்து ஒரு பலகை. ரசீது அதே பழைய புத்தகத்தில் எழுதப்பட வேண்டும் என்பது எங்கள் ஆசை. பேட்டரிக்கான செலவை இளம் வணிகர் பிரிவு பொறுப்பேற்கும், இன்ஷா அல்லாஹ்.

இரண்டு: பில்லில் மிச்சமாகும் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அடுத்த கூரைக்கு வட்டியில்லா முதலாகக் கொடுப்பது. முதலில் ஒரு பள்ளிவாசல். பள்ளிவாசல்கள் மாநில சமய மன்றத்தின் கீழ் இருப்பதால் முறையாக விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். காலம் எடுக்கும், எடுக்கட்டும்.

மூன்று: மாதத்தில் ஒரு ஞாயிறு, பாலிடெக்னிக்கிலும் தொழிற்பயிற்சிக் கூடங்களிலும் படித்த நம் பிள்ளைகள் கடை கடையாகப் போய் மின்கணக்கு எடுப்பது. எத்தனை விளக்கு, எந்தப் பிரீசர், பிளக் எந்த உயரத்தில், காப்புறுதியில் வெள்ளம் உண்டா என்று ஒரே தாளில் எழுதித் தருவது. இதற்குக் கட்டணம் வேண்டாம், ஒரு தே தாரிக் போதும்.

நான்கு: வெள்ள நாளில் யார் யாரைக் கூப்பிடுவது என்ற பட்டியல். தனியே வாழும் மூத்தோர், கர்ப்பிணிகள், படுக்கையில் உள்ள நோயாளிகள் எந்தத் தெருவில் என்று சங்கத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் நம் சமுதாயத்தார் பெயர் மட்டும் இருந்தால் போதாது. பக்கத்து வீட்டு மலாய்க்காரர், சீனர், இந்து, சீக்கியர் எல்லோர் பெயரும் இருக்கட்டும்.

இதனால் உலகத்தின் வெப்பம் குறைந்துவிடுமா என்று கேட்கலாம். இருபது கிலோவாட் பலகை ஆண்டுக்கு ஏறத்தாழ இருபது டன் கரியமிலவாயுவைத் தடுக்கும். உலகக் கணக்கில் அது தூசு. ஆனால் மறுமை நாளே வந்துவிட்டாலும் கையில் உள்ள கன்றை நட்டுவிடச் சொன்ன நபியின் சமுதாயம் நாம். நம் பங்கு சிறியதா பெரியதா என்பதைவிட, நம் பங்கைச் செய்தோமா என்பதுதான் நம்மிடம் கேட்கப்படும். அதோடு, அடுத்த வெள்ளத்தில் இந்தக் கட்டடத்தில் விளக்கு எரிந்தால் அது தூசு அல்ல. மாடியில் குழந்தையோடு நிற்கும் ஒரு தாய்க்கு அது போதும்.

1976-ல் இந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களுக்கு 2026-ல் நாம் இங்கே உட்கார்ந்து பேசுவோம் என்று தெரியாது. நூற்றாண்டு விழா 2076-ல். அப்போது இங்கே பேசப்போகிறவர்கள் இன்னும் பிறக்கவில்லை. அவர்கள் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது, இந்த ஆண்டுப் பக்கத்தில் 36 பலகைக்கான ரசீதுகள் இருக்க வேண்டும். நன்கொடைத் தாள் வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. போகும்போது பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.

 எல்லாம் வல்ல அல்லாஹ் நம் முயற்சியை ஏற்றுக்கொள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.